வெயிலா, தினசரி மாத்திரையா, வாரப் பாக்கெட்டா: ரத்தக் குழாய்க்கு எது நல்லது?

அம்மாவின் ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி அளவு மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம் என்று வந்தது. 20-க்குக் கீழே போனாலே குறைபாடு என்பார்கள். 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்றாக எட்டு வாரம் குடிக்கச் சொன்னார்கள். "எலும்புக்குத்தானே?" என்றார் அம்மா. அவருக்கு ரத்த அழுத்தமும் உண்டு. அதனால் என் கவலை எலும்போடு நிற்கவில்லை.

ரத்தக் குழாயின் உள்பக்கம் முழுக்க ஒற்றை அடுக்காகச் செல்கள் படர்ந்திருக்கின்றன. இவை சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடுதான் குழாயை இளக வைக்கிறது. இந்தச் செல்களிலும், அழற்சியைக் கிளப்பும் வெள்ளை அணுக்களிலும் வைட்டமின் டி-க்கான ஏற்பிகள், அதாவது டி வந்து ஒட்டி வேலை செய்யும் இடங்கள், உண்டு. டி போதுமான அளவு இருந்தால் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதி கூடுகிறது, அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் அடங்குகின்றன. அந்த ஏற்பியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு, ரத்த அழுத்தத்தைக் கூட்டும் ரெனின் என்ற பொருளின் சுரப்பு எகிறி ரத்த அழுத்தம் ஏறியது. மனிதர்களிடமும் தடயம் உண்டு. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் 1,739 பேரைச் சுமார் ஐந்து ஆண்டுகள் கவனித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். டி அளவு 15-க்குக் கீழே இருந்தவர்களுக்கு இதய, ரத்தக் குழாய் நோய்கள் சுமார் 60 சதவீதம் அதிகம்.

சரி, அப்படியானால் மாத்திரை போட்டால் மாரடைப்பு குறையுமா? இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த வைட்டல் ஆய்வில் பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அவர்களின் சராசரி டி அளவு தொடக்கத்திலேயே 30-ஐ ஒட்டி இருந்தது. நிறைந்த குடத்தில் ஊற்றிப் பார்த்த கதை இது. 11-இல் நிற்கும் என் அம்மாவுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. அதே ஆய்வில், உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்கள் 22 சதவீதம் குறைந்தன. அழற்சியோடு தொடர்புள்ள இந்தப் பலனை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

வாரப் பாக்கெட்டுக்கும் தினசரி மாத்திரைக்கும் வருவோம். பரிசோதனைத் தாளில் இரண்டும் அளவை ஏற்றிவிடும். வேறுபாடு உள்ளே இருக்கிறது. நாம் விழுங்கும் டி3 என்ற வைட்டமின் டி வடிவம் ரத்தத்தில் ஓரிரு நாள்தான் தங்கும். கல்லீரல் அதை மாற்றிச் சேமிக்கும் வடிவம்தான் வாரக்கணக்கில் நிற்கிறது. தினமும் கொஞ்சம் எடுத்தால் திசுக்களுக்கு டி3 நேரடியாகவும் கிடைத்துக்கொண்டே இருக்கும். மொத்தமாகக் கொட்டினால், டி-யை அழிக்கும் நொதியை உடல் முடுக்கிவிடுகிறது. நியூசிலாந்தில் மாதம் ஒருமுறை 1,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் இதயத்துக்குப் பலன் இல்லை. அதனால் பள்ளத்தை நிரப்ப எட்டு வாரம் பாக்கெட், அப்புறம் தினசரி சிறிய அளவு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாகச் சேரும். வாரப் பாக்கெட்டைத் தினமும் குடித்துவிடும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கூட இருப்பவர்கள் கவனியுங்கள். டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, நாம் காப்பாற்ற நினைத்த அதே குழாய்ச் சுவரில் போய்ப் படியும்.

வைட்டமின் டி-யை ஊசியாகப் போடுவதும் உண்டு; அதை நான் கடைசியில்தான் வைப்பேன். ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 யூனிட்டை வாய்வழியாகக் கொடுத்தபோது, விழுவதும் எலும்பு முறிவதும் கூடின. ஒரே ஊசியில் 6,00,000 யூனிட் என்பது அதையும் விடப் பெரிய அளவு. குடல் உறிஞ்சாதவர்களுக்கு வேண்டுமானால் அது தேவைப்படலாம்.

வெயிலுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் வெல்லர் குழு 24 பேரின் தோலில் 20 நிமிடம், வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிரைப் பாய்ச்சியது. தோலில் சேமித்திருந்த நைட்ரிக் ஆக்சைடு ரத்தத்தில் கலந்து அழுத்தம் சற்று இறங்கியது; டி அளவோ மாறவே இல்லை. மாத்திரையால் தர முடியாத பலன் இது. டி தருவது புற ஊதா பி. அது ஜன்னல் கண்ணாடியைத் தாண்டாது, அதிகாலை இளவெயிலிலும் போதாது. நம் நிழல் நம்மை விடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் கணக்கு. கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்குத் துணி காயப்போடுவதைப் பத்தரைக்கு மாற்றச் சொன்னேன், அவ்வளவுதான். சித்திரை வெயிலில் மட்டும் வேண்டாம் என்று நிறுத்தி வைத்தோம். பாக்கெட் முடிந்து தினம் 1,000 யூனிட் தொடர்கிறது. ரத்த அழுத்த மாத்திரையில் கைவைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் 31 வந்திருக்கிறது.