சர்வர் ஆப்டிமைசர்னு வித்தாங்க, டிஸ்க்கைத்தான் தேய்ச்சு வச்சிருக்காங்க: இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி படிச்சிடுங்க

சர்வரை வேகமாக்கித் தரோம், கரண்ட் செலவையும் குறைச்சுத் தரோம்னு யாராவது ஒரு ஆப்டிமைசேஷன் சாஃப்ட்வேரோட வந்தா, அவங்க டெமோவைப் பார்க்குறதுக்கு முன்னாடி உங்க டிஸ்க் ஒவ்வொண்ணோட ஸ்மார்ட் ரிப்போர்ட்டையும் (டிஸ்க் தன்னோட ஹெல்த்தைப் பத்தி தானே குறிச்சு வைக்கிற கணக்கு) எடுத்து வேற மெஷின்ல சேவ் பண்ணி வச்சிடுங்க. எங்ககிட்ட பழைய ரிப்போர்ட் இருந்ததாலதான் அவங்க சொன்ன ஒவ்வொரு சாக்குக்கும் பதில் சொல்ல முடிஞ்சுது.

வருஷ சந்தா கட்டி வாங்குனது. அவங்க இன்ஜினியரே ரிமோட்ல வந்து எங்க ஃபைல் சர்வர்ல செட்டப் பண்ணாரு, முன்னாடி ஒரு பெஞ்ச்மார்க் (ஸ்பீடு டெஸ்ட்) பின்னாடி ஒரு பெஞ்ச்மார்க் எடுத்துக் காட்டுனாரு, ரைட் ஸ்பீடு நிஜமாவே ஏறியிருந்துச்சு, சரி நல்ல விஷயம்தானேன்னு விட்டுட்டோம். சில மாசத்துல காலையில ஆஃபீஸ் ஆரம்பிக்கிற நேரத்துக்கு ரெய்டுல (பல டிஸ்க்கைச் சேர்த்து ஒண்ணா ஓட்டுற அமைப்பு) இருந்து ஒரு டிஸ்க் வெளிய போச்சு. புதுசு மாட்டி, போன டிஸ்க்ல இருந்த டேட்டாவை மத்த டிஸ்க்குகளை வச்சுத் திரும்ப எழுதுற ரீபில்டு போட்டோம், அது ஓடிட்டு இருக்கும்போதே இன்னொண்ணு ரீட் எரர் அடிச்சு விழுந்துச்சு. ரெய்டு 5 ஒரு டிஸ்க் போறதைத்தான் தாங்கும், ரெண்டாவதும் போனா அவ்ளோதான். பேக்கப் இருந்துச்சு, ஆனா கடைசி பேக்கப்புக்கு அப்புறம் எங்க டீம் பண்ண வேலை மொத்தமும் போச்சு. அந்த வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல.

சப்போர்ட்டுக்கு அடிச்சா முதல்ல கேபிள்ல பிரச்சனைன்னாங்க. ஸ்மார்ட்ல 199ஆவது வரி, அதாவது சிஆர்சி எரர் கவுண்ட், கேபிள் சரியில்லன்னா அதுதான் ஏறும், எங்களுக்கு சுத்தமா ஜீரோ. அடுத்து சூடுன்னாங்க, 194ல டெம்பரேச்சர் நாப்பதைத் தாண்டவே இல்ல. அப்புறம் டிஸ்க் பழசு, மாத்துங்கன்னாங்க. இதுக்குத்தான் எனக்குக் கோவம் வந்துச்சு, ஏன்னா பேக்கப் சர்வர்ல இருக்கறதும் அதே மாடல், ஒண்ணா வாங்குனது, 9ஆவது வரில இருக்குற பவர் ஆன் அவர்ஸும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதுல ஒரு டிஸ்க்குக்கும் ஒண்ணும் ஆகல. ரெண்டுக்கும் ஒரே வித்தியாசம், பேக்கப் சர்வர்ல இந்த சாஃப்ட்வேர் கிடையாது.

ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தப்போதான் 193ஆவது வரி கண்ணுல பட்டுச்சு, லோட் சைக்கிள் கவுண்ட். பேக்கப் சர்வர்ல சில நூறு. ஃபைல் சர்வர்ல மூணு லட்சத்தைத் தாண்டிருச்சு! சாஃப்ட்வேர் போடுறதுக்கு முன்னாடி எடுத்த ரிப்போர்ட்ல அதுலயும் நூத்துக்கணக்குலதான் இருந்துச்சு.

இது என்னன்னா, டிஸ்க்குக்குள்ள டேட்டாவைப் படிச்சு எழுதுற ஹெட், சுத்துற தட்டுக்கு மேலருந்து விலகி ஓரத்துல இருக்குற ஸ்லோப்புல போய் உக்காந்துட்டு திரும்ப வர்றது ஒரு சைக்கிள். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்கு பொதுவா 3 லட்சம், நாஸ் (நெட்வொர்க்ல மாட்டுற ஸ்டோரேஜ்), சர்வர் டிஸ்க்குகளுக்கு 6 லட்சம் சைக்கிள்னு கம்பெனிங்க ரேட்டிங் குடுப்பாங்க. சர்வர்ல லாக், கிரான் (டைம் வச்சு தானா ஓடுற வேலை), டேட்டாபேஸ்னு ஏதாவது ஒண்ணு எழுதிட்டேதான் இருக்கும், அதனால ஹெட் போய் உக்காந்த உடனே எழுப்பி விட்டுடும். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு வச்சாலும் ஒரு நாளைக்கு 2,880, மூணரை மாசத்துல மூணு லட்சம் முடிஞ்சிடும். டிஸ்க்கை நாள் முழுக்க தோப்புக்கரணம் போட வச்ச மாதிரி. டிஸ்க் ட்ரே மேல விரலை வச்சா அந்த டிக் டிக் கையில தெரிஞ்சுது, அஞ்சு நிமிஷம் கழிச்சு ரிப்போர்ட் எடுத்தா கவுண்ட் பத்து ஏறியிருந்துச்சு.

அவங்க கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பார்த்தா ஏபிஎம் (டிஸ்க் கரண்ட் மிச்சம் பண்ற செட்டிங், கம்மியா வச்சா ஹெட் அடிக்கடி போய் உக்காரும்) லெவல் 1, ஸ்பின்டவுன் (எவ்ளோ நேரம் சும்மா இருந்தா மோட்டாரை நிறுத்தணும்ங்கறது) 12. இதையெல்லாம் செட் பண்ற எச்டிபார்ம்ங்கற லினக்ஸ் கமாண்டுல ஏபிஎம் 1ல இருந்து 127 வரைக்கும் வச்சா மோட்டாரையே நிறுத்த அனுமதி குடுத்ததா அர்த்தம், 128ல இருந்து 254 வரைக்கும் நிறுத்தாது. ஸ்பின்டவுன் 12ன்னா அஞ்சஞ்சு செகண்டா கணக்கு, அறுபது செகண்ட். பேட்டரில ஓடுற லேப்டாப்புக்கான செட்டிங்கை எடுத்து ராப்பகலா ஓடுற சர்வர்ல போட்டிருக்காங்க. பகல்ல ஹெட் ஏறி இறங்கி தேயும், ராத்திரி எதுவும் எழுதாத நேரத்துல மோட்டாரே நிக்கும், காலையில முதல் ஆள் ஃபைல் திறக்கும்போது தேஞ்ச டிஸ்க் எழுந்து சுத்தத் திணறும், டிஸ்க் லிங்க் பதில் சொல்லலன்னு கெர்னல் லாக்ல (லினக்ஸ் எழுதி வைக்கிற பதிவு) வரிசையா கிடந்துச்சு. லேப்டாப்லயே இந்த ஹெட் பார்க்கிங் டிஸ்க்கைத் தேய்க்குதுன்னு 2007லயே உபுண்டு யூசர்ஸ் மத்தியில பெரிய பேச்சா இருந்த விஷயம், சர்வர் டூல் விக்கிறவங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்.

அவங்க டேஷ்போர்டு கடைசி வரைக்கும் எல்லா டிஸ்க்கும் ஆரோக்கியம்னு பச்சையாவே காட்டுச்சு. ஸ்மார்ட்ல பாஸ்னு வர்ற ஒரு வரியை மட்டும்தான் அது படிக்குது. ஏதாவது ஒரு முக்கியமான வரியோட மார்க் த்ரெஷோல்டுக்குக் (கம்பெனி வச்ச குறைஞ்சபட்ச எல்லை) கீழ போனாதான் அது ஃபெயில் ஆகும், 193க்கு நிறைய டிஸ்க்குகள்ல த்ரெஷோல்டே 0, அதனால எவ்ளோ தேஞ்சாலும் பாஸ்தான். நீங்க 5, 197, 198 (மூணும் டிஸ்க்ல கெட்டுப்போன, படிக்க முடியாத இடங்களோட கணக்கு), 193 இந்த நாலு வரியோட கடைசியில இருக்குற நம்பரைப் பாருங்க, பாஸை நம்பாதீங்க.

ஸ்பீடு ஏறுனதுக்கும் காரணம் தெரிஞ்சுது, எஃப்எஸ்டேப்ல (எந்த டிஸ்க்கை எப்படி மவுன்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) பேரியர்=0ன்னு சேர்த்திருந்தாங்க. டிஸ்க் கேஷ்ல இருக்குற டேட்டா ஒழுங்கான வரிசையில தட்டுல இறங்குச்சான்னு உறுதி பண்றதுதான் பேரியர், அதை எடுத்துட்டா பெஞ்ச்மார்க் ஏறத்தான் செய்யும், ஆனா நடுவுல கரண்ட் போனா ஃபைல் சிஸ்டமே சிதைஞ்சு போகலாம். எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இதையெல்லாம் ஸ்க்ரீன்ஷாட்டோட அனுப்புனதுக்கு, ஹார்ட்வேர் சேதத்துக்கு நாங்க பொறுப்பில்லன்னு ஒப்பந்தத்துல இருக்கு பாருங்கன்னு ஒத்தை வரி பதில், பணமும் வரல.

ஏற்கெனவே போட்டு வச்சிருக்கீங்கன்னா அன்இன்ஸ்டால் மட்டும் பத்தாது. எங்க சர்வர்ல சாஃப்ட்வேர் போனதுக்கு அப்புறமும் ஒரு யூடெவ் ரூலும் (டிஸ்க் மாதிரி டிவைஸ் தெரிஞ்ச உடனே தானா ஓடுறது) ஒரு சிஸ்டம்டி சர்வீஸும் (பின்னணியில தானா ஓடுற புரோகிராம்) அப்படியே இருந்துச்சு, பூட் ஆகும்போதெல்லாம் அதே ஏபிஎம்மைத் திரும்பப் போட்டுச்சு. ரெண்டையும் தேடி எடுத்துட்டு, எஃப்எஸ்டேப்பைப் பழையபடி ஆக்கிட்டு, ஏபிஎம்மை 254ல வச்சு, ஸ்பின்டவுனை 0 ஆக்கி ரீபூட் பண்ணுங்க. அப்புறம் 193ஐ ஒரு தடவை குறிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி பாருங்க. இன்னும் ஏறுதுன்னா ஏதோ ஒரு ஃபைல் மிச்சம் இருக்கு, இல்லன்னா டிஸ்க்கோட ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளயே இருக்குற சாஃப்ட்வேர்) டைமரே பார்க் பண்ணுது, கரண்ட் மிச்சம் பண்ற சில டெஸ்க்டாப் டிஸ்க்குகள்ல அது 8 செகண்டுலயே நடக்கும், அதைத் தனியா மாத்தணும்.