ரெசோமர் ஆர்ஜி 503எச்: எதற்கு என்று தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்

மருந்தை உள்ளே அடைத்து, உடலில் மெல்லச் சிதைந்து அதை வெளிவிடும் நுண்துகள்கள் செய்யப் பயன்படுவது பி.எல்.ஜி.ஏ. லாக்டைடு, கிளைகோலைடு என்ற இரண்டு அலகுகளைக் கோர்த்த பாலிமர் அது. எவோனிக் நிறுவனம் தயாரிக்கும் ரெசோமர் ஆர்ஜி 503எச் அதில் ஒரு வகை. இதன் பெயரிலேயே பாதி விவரம் இருக்கிறது. 50 என்பது லாக்டைடின் பங்கு. மீதிப் பாதி கிளைகோலைடு. 3 என்பது பாகுத்தன்மையின் (கரைசல் எவ்வளவு கெட்டி என்பதன்) வரிசை. கடைசியில் நிற்கும் எச், சங்கிலியின் முனை அமிலமாகவே விடப்பட்டிருக்கிறது என்பதற்கான குறி. மூலக்கூறு எடை 24,000 முதல் 38,000 வரை. குளோரோஃபார்மில் 25 டிகிரியில் அளந்தால் பாகுத்தன்மை 0.32–0.44 டெசிலிட்டர்/கிராம்.

எச் போட்டதும் போடாததும் ஒன்றுதான் என்று எண்ணி ஆர்டர் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் கூத்து. எச் இல்லாத 503-இல் முனை எஸ்டராக மூடப்பட்டிருக்கும். தண்ணீரை மெதுவாகத்தான் உள்ளே இழுக்கும், சிதைவும் தாமதம். மருந்து அதே, செய்முறை அதே, ஆனால் மருந்து வெளிவரும் வேகம் வேறு. டீலரின் கொட்டேஷனில் வெறுமனே 'பி.எல்.ஜி.ஏ. 50:50' என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். முனை எது, பாகுத்தன்மை எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

பாலிமரின் தரத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டைகுளோரோமீத்தேன், அசிட்டோன், எத்தில் அசிட்டேட் மூன்றிலும் தெளிவாகக் கரைகிறது. கெடுவதெல்லாம் ஈரத்தால்தான். எஸ்டர் பிணைப்பைத் தண்ணீர் வெட்டும். வெட்டிய இடத்தில் புதிய அமில முனை பிறக்கும். அது அடுத்த வெட்டை விரைவுபடுத்தும். பெங்களூரின் மழை மாதங்களில், பிரீசரிலிருந்து எடுத்த பாட்டிலை அப்படியே திறந்தால் உள்ளே பனி படியும். மூடியபடியே ஒன்றிரண்டு மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் திறக்க வேண்டும். முதல் முறை திறக்கும்போதே 100 மி.கி. வீதம் கண்ணாடிக் குப்பிகளில் பிரித்து, நைட்ரஜன் ஊதி, பாராஃபிலிம் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு மைனஸ் 20-இல் வைத்துவிடுங்கள். தானாகப் பனி உருக்கும் வீட்டு ஃபிரிட்ஜ் வேண்டாம். அது ஒவ்வொரு சுற்றிலும் சூடேறி இறங்கும். வெள்ளிக்கிழமை ஆர்டரும் வேண்டாம். இதன் கண்ணாடி நிலை மாறும் வெப்பம், அதாவது இறுகிய பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பம், 44–48 டிகிரி. சனி, ஞாயிறு முழுக்க கூரியர் கிடங்கில் கிடந்த பாட்டில் தூளாகவே வந்து சேரும் என்று நம்ப முடியாது.

புரத மருந்தைத் துகளுக்குள் அடைக்க இரட்டைக் குழம்பு முறை: மருந்து நீரின் துளிகள் பாலிமர் கரைசலுக்குள், அந்தக் கரைசலின் துளிகள் மறுபடி நீருக்குள். 100 மி.கி. பாலிமரை 2 மி.லி. டைகுளோரோமீத்தேனில் கரைத்து, 200 மைக்ரோலிட்டர் மருந்து நீர்க்கரைசல் சேர்த்து, ஐஸில் வைத்து புரோப் சோனிகேட்டரில் (ஒலி அதிர்வால் கலக்கும் கருவி) 30 விநாடி. அதை, துளிகள் ஒன்றோடொன்று சேராமல் காக்கும் 2% பாலிவினைல் ஆல்கஹால் கரைசல் 8 மி.லி.யில் ஊற்றி இன்னும் ஓரிரு நிமிடம், விட்டுவிட்டு. பிறகு அதே பாலிவினைல் ஆல்கஹாலின் 0.3% கரைசல் 40 மி.லி.யில் கொட்டி, டைகுளோரோமீத்தேன் ஆவியாக ஃப்யூம் ஹூடில் மூன்று நான்கு மணி நேரம் கலக்க வேண்டும். பாலிஸ்டைரீன் குழாய் கூடாது, கரைந்துவிடும். பாலிவினைல் ஆல்கஹாலில் 87–89% ஹைட்ரோலைஸ் ஆனதை வாங்குங்கள். முழுக்க ஹைட்ரோலைஸ் ஆனது குளிர்ந்த நீரில் கரையாமல் உயிரை எடுக்கும். பெங்களூரு கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் டைகுளோரோமீத்தேன் இங்கே ஏறத்தாழ 3 டிகிரி முன்னதாகவே கொதிக்கும். ரோட்டரி எவாப்பரேட்டரில் வெற்றிடத்தை அவசரமாக இறக்கினால் நுரைத்துப் பொங்கி, துகள்கள் ஒட்டிக்கொள்ளும். உலர்த்தும்போது டிரெஹலோஸ் என்ற சர்க்கரை 2–5% சேர்க்காவிட்டால், திரும்ப நீரில் போட்டாலும் கட்டி பிரியாது.

நீரில் கரையாத சிறு மூலக்கூறு மருந்தென்றால் இத்தனை பாடு வேண்டாம். அசிட்டோனில் கரைத்து, துகள் ஒட்டாமல் தடுக்கும் போலோக்ஸாமர் கலந்த நீரைக் கலக்கிக்கொண்டே அதில் சொட்டுச் சொட்டாக விட்டாலே போதும்.

புரதக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துகளுக்குள் சிதைவில் பிறக்கும் அமிலம் வெளியேற வழியில்லாமல் தேங்கும். துகள் பெரிதானால் மையம் ஓரத்தைவிட விரைவாகச் சிதையும். அந்த அமிலத்தில் புரதம் சுருண்டு கெடுகிறது. அமிலத்தை முறிக்க மெக்னீசியம் ஹைட்ராக்சைடு சிறிது சேர்ப்பது பழகிய பரிகாரம். ஆக்ட்ரியோடைடு போன்ற பெப்டைடு (சிறு புரதத் துண்டு) மருந்துகளில் பாலிமர் துண்டே போய் ஒட்டிக்கொள்வதும் உண்டு. கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் கூடுதல் சிகரம் தெரிந்தால் அதன் பிரிப்புக் குழாயைத் திட்டாமல் இந்த ஒட்டுதலைச் சந்தேகியுங்கள்.

இந்த கிரேடு சில வாரங்கள் தாங்கும் வெளியீட்டுக்கானது. மூன்று மாதத்துக்கு முன்பே கரைந்து தீரும். மூன்று மாத ஊசி வேண்டுமென்றால் லாக்டைடு அதிகமுள்ளதைத் தேடுங்கள். மெல்ல வெளியாகும் ஹார்மோன் ஊசியான லூப்ரான் டிப்போவின் ஒரு மாத ஊசியில் லாக்டைடு, கிளைகோலைடு 75:25. மூன்று மாத ஊசியில் கிளைகோலைடே இல்லாத பாலிலாக்டிக் அமிலம்.

கிருமி நீக்கத்துக்கு ஆட்டோகிளேவ் பக்கமே போகாதீர்கள், 121 டிகிரியில் துகள் உருகிவிடும். காமா கதிர் சங்கிலியை வெட்டும். அதனால் கதிருக்கு முன்னும் பின்னும் மூலக்கூறு எடையை அளந்தாக வேண்டும். 200 நானோமீட்டருக்குக் குறைந்த துகள் என்றால் 0.22 மைக்ரான் வடிகட்டியில் முயலலாம், அதிலும் ஒரு பங்கு வடிகட்டியிலேயே தங்கிப்போகும். டைகுளோரோமீத்தேன் எச்சம் மருந்துகளுக்கான சர்வதேச அமைப்பான ஐ.சி.எச்.சின் விதிப்படி 600 பி.பி.எம்.முக்குள் இருக்க வேண்டும்.

சாதாரண பாட்டில் ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதருக்குச் செலுத்த ஜி.எம்.பி. (மருந்து உற்பத்தி நெறிகளின்படி தயாரித்த) தரம் தனியே கேட்க வேண்டும். லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் பாகுத்தன்மை அந்த 0.32–0.44 இடைவெளிக்குள் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். ஒரு ஆய்வு முடியும்வரை தேவைப்படும் அளவை ஒரே லாட்டில் வாங்கி, சான்றிதழில் மீந்த மோனோமர் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.