ரிசீவர் வழியாகவா, டிவி வழியாகவா: ஒலி இணைப்பில் நான் தேர்ந்த பாதை

என்னிடம் உள்ள, ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் 4கே படத்தை நொடிக்கு 60 சட்டகம் வரை மட்டுமே கடத்தும். ஆனால் டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியே திரும்பப் பெறும் இஏஆர்சி வசதி அதில் உண்டு. அதனுடன் புதிய டிவியைச் சேர்க்க வேண்டிய நிலை வந்தபோது என் முன் மூன்று வழிகள் இருந்தன. எல்லாக் கருவிகளையும் ரிசீவரில் செருகி, அங்கிருந்து படத்தை டிவிக்கு அனுப்புவது ஒன்று. கருவிகளை நேரடியாக டிவியில் செருகி, ஒலியை மட்டும் எச்டிஎம்ஐ இஏஆர்சி வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்புவது மற்றொன்று. டிவியின் ஆப்டிகல் துளையிலிருந்து ஒலியை எடுப்பது மூன்றாவது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன்; இன்றும் அதையே பரிந்துரைப்பேன்.

ஆப்டிகலைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. தோஷிபா நிறுவனம் 1983-இல் கொண்டுவந்த இந்த இணைப்பில் இரு தடப் பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) அல்லது 5.1 தட டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் (சுருக்கப்பட்ட ஒலி வடிவங்கள்) ஆகியவை செல்லும். டால்பி டிஜிட்டல் பிளஸ் செல்லாது என்பதால், பெரும்பாலும் அந்த வடிவில் வரும் ஓடிடி தளங்களின் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலிக்கும் சூழொலி) ஒலிக்கு இதில் இடமில்லை. டிவி ரிமோட்டால் ரிசீவரின் ஒலியளவை மாற்றும் கட்டளையும் இதில் போகாது. எனினும் ஒளியாகவே செல்வதால் இரு கருவிகளுக்கும் இடையே மின்தொடர்பு ஏற்படுவதில்லை. எர்த் வேறுபாட்டால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் எழும் வீடுகளிலும், ஏஆர்சி (இஏஆர்சியின் முந்தைய வடிவம்) இல்லாத பழைய டிவிகளிலும் இது இன்னும் நம்பத்தக்க துணை.

உண்மையான போட்டி முதல் இரண்டு வழிகளுக்கு இடையில்தான். ரிசீவரை முன்னால் வைத்தால் ஒலி இடைத்தரகர் இன்றி அதைச் சென்றடைகிறது. எந்த வடிவத்தை ஏற்பது என்பதை டிவி முடிவு செய்வதில்லை. டிவிக்கு ஒரே ஒரு கேபிள் போதும். புரொஜெக்டர் வைத்திருப்போருக்கு இதுவே இயல்பான வழி. ஆனாலும் என் முடிவைத் தீர்மானித்தது ஒலித்தரம் அன்று, ரிசீவரின் ஆயுள்.

ஒரு ரிசீவரில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரும், அறைக்கேற்ப ஒலியைச் சீர்செய்யும் பகுதியும், ஸ்பீக்கர் முனைகளும் பல ஆண்டுகள் உழைக்கக் கூடியவை. விரைவில் பழசாவது அதன் படப் பகுதி மட்டுமே. 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இல் 4கே படம் 30 சட்டகத்தோடு நின்றது, 2013-இன் 2.0 அதை 60 ஆக்கியது, 2017-இன் 2.1 நொடிக்கு 48 கிகாபிட் கொள்ளளவோடு 120 சட்டகத்தைத் திறந்தது. இடையில் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்புப் பூட்டு வந்தபோது, அதை அறியாத ரிசீவர்கள், ஒலியில் எந்தக் குறையும் இல்லாதவையாக இருந்தும், பாதுகாக்கப்பட்ட 4கே படத்தைக் கடத்த இயலாமல் போயின. 2020-இல் 2.1 துளையோடு வெளியான சில ரிசீவர்களிலும்கூட, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் தரும் 4கே 120 படம் திரைக்கு வந்து சேராத சிக்கல் இருந்தது. இதற்கு மாறாக, ஒலியின் பக்கம் மாற்றம் மெதுவானது: ப்ளூ-ரேயோடு வந்த, தரம் இழக்காத ஒலி வடிவங்களான ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகியவையே இன்றும் வட்டுகளின் உச்சத்தரம்; 2014-இல் வீடுகளுக்கு வந்த அட்மாஸும் ட்ரூஎச்டியின் மேலேயே ஏறிப் பயணிக்கிறது.

ஆகவே படத்தை ரிசீவரின் வழியிலிருந்து விலக்கிவிட்டால், அடுத்த படத்தரம் வரும்போது டிவியை மட்டும் மாற்றினால் போதும். பழைய ரிசீவரை விற்க முனைவோர் எதிர்கொள்ளும் முதல் கேள்வியும் அதன் எச்டிஎம்ஐ துளைகளைப் பற்றியதாகவே இருக்கிறது. இஏஆர்சி உள்ள ரிசீவரில் அந்தக் கேள்வியின் கனம் வெகுவாகக் குறைகிறது.

இஏஆர்சி, எட்டுத் தடச் சுருக்கப்படாத ஒலியையும் ட்ரூஎச்டியையும் ஏற்கும். உதட்டசைவையும் ஒலியையும் ஒத்திசைக்கும் வசதி இதில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பழைய ஏஆர்சி மட்டும் உள்ளவர்களும் மனம் தளர வேண்டாம்: ஓடிடி அட்மாஸ் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸில் வருவதால், டிவியும் ரிசீவரும் ஏற்குமானால் அது ஏஆர்சியிலேயே சென்றுவிடும். இரண்டிலும் டிவியின் டிஜிட்டல் ஒலி வெளியீட்டைப் 'பாஸ்த்ரூ' (ஒலியை மாற்றாமல் அப்படியே கடத்தும்) நிலையில் வைக்க வேண்டும். ஏஆர்சியில் அது பிசிஎம் நிலையில் இருந்தால் இரண்டே தடங்கள்தாம் கிடைக்கும். ஒரே ரிமோட்டில் ஒலியளவை இயக்க, சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று அழைக்கப்படும் சிஇசி வசதியை இயக்கியிருக்க வேண்டும்.

இந்த வழிக்குக் குறைகளும் உண்டு. டிவியில் ஒரு எச்டிஎம்ஐ துளை ரிசீவருக்கே போய்விடுகிறது. சில டிவிகளில் அதுவே 120 சட்டகம் ஏற்கும் ஓரிரு துளைகளில் ஒன்றாகவும் அமைந்துவிடுகிறது. வீட்டில் கேம் கன்சோல் இல்லாததால் அந்த நெருக்கடியை நான் நேரில் சந்தித்ததில்லை. இரண்டு கன்சோல் வைத்திருப்போர் வாங்கும் முன் டிவியின் துளைகளைச் சரிபார்க்க வேண்டும். இன்னும் முக்கியமானது டிடிஎஸ்: சாம்சங் டிவிகள் 2018 முதல் அதைக் கைவிட்டன, எல்ஜி 2020 முதல் சில ஆண்டுகள் விட்டுவிட்டு, 2023-இல் மீண்டும் சேர்த்தது. வட்டுகளில் டிடிஎஸ் தடங்கள் ஏராளம் என்பதால், ப்ளூ-ரே பிளேயரை மட்டும் நான் ரிசீவரிலேயே நேரடியாகச் செருகியிருக்கிறேன். திரைப்படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 24 சட்டகங்களே கொண்டவை. 4கே வட்டாக இருந்தாலும் என் ரிசீவரின் 2.0 துளைக்கு அது சுமையாவதில்லை.