மூன்று நிமிட மணல் கடிகாரம்: வர்ணனை மேஜையில் 2 சீசன் ஓடிய அனுபவம்

முட்டை வேகவைக்க என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். நான் இதை வைத்து ஒரு முட்டைகூட வேகவைத்ததில்லை. வானொலியில் கால்பந்து நேர்முக வர்ணனை செய்கிறவன் நான். 19 வருடமாக இதுதான் பிழைப்பு. இதை வாங்கியவர்கள் எழுதியதெல்லாம் மஞ்சள் கரு இறுகியதா இல்லையா என்பதோடு நின்றுவிடுகிறது. அதனால் என் பங்குக்கு இது.

பொருள் சாதாரணம்தான். நடுவிரல் உயரம், மேலும் கீழும் மரத்தட்டு, மூன்று குச்சி, நடுவே கண்ணாடி, உள்ளே அடர்நீல மணல். மணலின் நிறத்தைக் கவனித்து வாங்குங்கள். நான் முதலில் வாங்கியது வெள்ளை மணல். அதற்குப் பின்னால் வீரர்கள் பட்டியல் அச்சடித்த வெள்ளைத் தாள், தலைக்கு மேல் மைதான விளக்கு. மணல் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்றே தெரியவில்லை. இப்போது அதை வைத்து மகள் பல் தேய்க்கிறாள்.

எனக்கு எதற்கு இது என்று கேட்டால், மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம். அன்றைக்கு வாழ்நாளிலேயே பிரமாதமாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, அருமையா பேசினீங்க. பந்து யார் கால்ல இருக்குன்னு நேர்ல பார்த்த மாதிரியே இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான்... ஆட்டம் எத்தனைக்கு எத்தனை?"

கோல் விழுந்தது 12-ஆவது நிமிடத்தில். அவர் ரேடியோவைத் திருகியது இரண்டாம் பாதி தொடங்கிய பிறகு. மறுநாள் பதிவைப் போட்டுக் கேட்டேன். 22 நிமிடம் 40 விநாடி ஸ்கோர் என்ற பேச்சே இல்லை. தொலைக்காட்சி என்றால் மூலையில் எந்நேரமும் எழுதியிருக்கும். வானொலியில் அந்த மூலை நம் வாய்தான். ஆட்டத்தை முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதால், நமக்குத் தெரிந்தது கேட்பவருக்கும் தெரியும் என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது.

இந்த வைத்தியம் என் கண்டுபிடிப்பு அல்ல. 1939 முதல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டங்களை வானொலியில் வர்ணித்த ரெட் பார்பர், மூன்று நிமிட முட்டைக் கடிகாரம் ஒன்றை எதிரில் வைத்துக்கொள்வார். மணல் தீர்ந்ததும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். அவரிடம் தொழில் பழகிய வின் ஸ்கல்லி அதே அணிக்கு 67 சீசன் பேசினார். பார்பர் மாதிரி அத்தனை பெரிய ஆளுக்கே ஞாபகப்படுத்த ஒரு சாமான் வேண்டியிருந்தது என்று படித்தபோதுதான் எனக்கு வெட்கம் விட்டது.

இதில் இன்னொரு கதையும் எனக்குப் பிடிக்கும். 1927 ஜனவரி 22, ஆர்சனலும் ஷெஃபீல்ட் யுனைடெட்டும் மோதிய ஆட்டத்தை பிபிசி நேரடியாக ஒலிபரப்பியது. மைதானத்தை 8 கட்டமாகப் பிரித்து எண் போட்ட படத்தை முன்கூட்டியே பத்திரிகையில் அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் ஆட்டத்தைச் சொல்ல, இன்னொரு குரல் பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டே போகும். பந்து எங்கே என்பதற்கு அவர்கள் கட்டம் போட்டார்கள். ஸ்கோர் என்ன என்பதற்கு நான் மணலை நம்புகிறேன்.

ஃபோனில் அலாரம் வைத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வைத்துப் பார்த்தாயிற்று. சத்தம் வைத்தால் ஒலிபரப்பில் ஏறும். அதிர்வில் போட்டால் மேஜை வழியாக மைக் ஸ்டாண்டுக்குப் போய் வண்டு குடைவது போலக் கேட்கும். கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் இன்னும் மோசம். கார்னர் அடிக்க ஆள் ஓடி வரும் நேரத்தில் மணிக்கட்டைச் சுரண்டும். நானும் திடுக்கிட்டு, பந்து காற்றில் இருக்கும்போதே ஸ்கோரை உளறியிருக்கிறேன். மணல் கடிகாரத்தில் அந்தத் தொல்லை இல்லை. மேல் குடுவையில் கொஞ்சம்தான் மிச்சம் என்பது ஓரக்கண்ணிலேயே தெரியும். பந்து வெளியே போய் த்ரோ எடுக்க வரும் வரை பொறுத்து, அந்த இடைவெளியில் சொல்லிவிட்டுத் திருப்பிக்கொள்ளலாம். நான் இதற்கு நட்சத்திரம் கொடுப்பது முக்கியமாக இதற்காகத்தான்.

துல்லியம் சுமார். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பத்து முறை ஓடவிட்டேன். ஒரு பக்கம் 3 நிமிடம் 4 விநாடி, திருப்பினால் 2 நிமிடம் 53. முட்டைக்காரர்கள் சண்டைக்கு வரலாம், எனக்குக் கவலையில்லை. மேஜை சாய்ந்திருந்தால் இன்னும் மெதுவாகும். ஒரு வர்ணனை அறையில் பலகையே சரிவு, தாளை நாலாக மடித்து அண்டக் கொடுத்துச் சமாளித்தேன். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் ஸ்கோர் தாளில் ஒரு கோடு கிழிக்கிறேன். 45 நிமிடத்துக்கு 15 கோடு வர வேண்டும். நல்ல நாளில் 13 வரும். கோல் மழை பொழிந்தால் 10-கூடத் தேறாது. அந்த நேரத்தில் கை கடிகாரத்துக்கா போகும்?

குறை என்று பார்த்தால் சத்தம். மரத்தட்டு மேஜையில் படும்போது 'டக்' என்கிறது. முதல் வாரமே ஒலிப்பதிவுத் தம்பி ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேட்டான்: "அண்ணே, மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் எதையோ தட்டுறீங்களே, என்னதுண்ணே அது?" பழைய சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி இரண்டு பக்கமும் ஒட்டிய பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. இதை விற்பவரே ஒட்டிக் கொடுத்திருக்கலாம். ஒரு நட்சத்திரத்தை இதற்குக் குறைக்கிறேன். முதலில் வந்தது குச்சி உடைந்து வந்தது, மாற்றித் தர 9 நாள் இழுத்தடித்தார்கள், அது தனிக் கதை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மணல் தீர்ந்ததும் ஒரே வாக்கியத்தை ஒப்பிக்காதீர்கள். முதல் மாதம் நான் அப்படித்தான் செய்தேன், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்று வானொலி நிலையத்தில் சிரித்தார்கள். ஸ்கோரை ஆட்டத்துக்குள்ளேயே கரைக்க வேண்டும். "சமன் செய்ய ஒரே ஒரு கோல் தேவை, கோல்கீப்பரும் நடுக்கோடு வரை வந்து நிற்கிறார்" என்றால் ஸ்கோரும் போய்ச் சேர்ந்துவிடும், படமும் கிடைத்துவிடும். கிரிக்கெட் பேசுகிறவர்களுக்கு இது தேவையே இல்லை. ஓவர் முடிந்தால் ஸ்கோர் தானாக வாயில் வந்துவிடும், கொடுத்து வைத்தவர்கள்.

5-க்கு 4.

மாமனார் இப்போது வேண்டுமென்றே ஆட்டத்தின் நடுவில் ரேடியோவைப் போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுக்கிறார். போன வாரம் ஃபோன் வந்தது. "மாப்பிள்ளை, இரண்டாம் பாதியில ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சே?" உண்மைதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்னாள் வீரர் பேச்சு சுவாரசியத்தில் கடிகாரத்தைக் கையிலெடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். பாதி ஓடிய மணலைத் திருப்பி வைத்துவிட்டார், நானும் கவனிக்கவில்லை. இதை மாமனாரிடம் சொன்னால் நம்பவா போகிறார்?