‘உறவு’ என்ற கட்டமும் செக்காலை ரோடு ஆடிட்டர் ஆபீசும்

நானும் இவரும் ஆறு வருடமாகக் காரைக்குடியில் ஒரே வீட்டில் இருக்கிறோம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் இவர் வேலையை விட்டுவிட்டார். வீட்டு வாடகை, மருந்து, இவருடைய மருத்துவ இன்சூரன்ஸ் எல்லாம் என் சம்பளத்தில்தான். வரிக்கணக்கில் இவரைச் சேர்க்க முடியுமா என்று கேட்கத்தான் 2025 ஆகஸ்டில் இந்த ஆபீசின் மாடிப்படி ஏறினேன். விளம்பரமாகிவிடும், பெயர் வேண்டாம் என்று ஆடிட்டர் சொன்னதால் பெயர் போடவில்லை.

ஆசையைக் கிளப்பியது நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி. அவனும் அவன் தோழியும் கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறார்கள். அவள் அந்த நாட்டுக் குடிமகள், படிக்கிறாள். வருடம் முழுக்க ஒரே வீட்டில் இருந்து, அவள் வருமானம் 5,050 டாலருக்குக் கீழே இருந்து, அவள் செலவில் பாதிக்கு மேல் இவன் பார்த்ததால், 2024 கணக்கில் தன்னைச் சார்ந்தவள் என்று காட்டினான். 500 டாலர் வரி குறைந்தது.

இங்கே முதலில் போன வேறொரு இடத்தில், “வீட்டுக்காரர்னு போட்டுடுங்க, யார் பாக்கப்போறா” என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். ஆறு வருடமாக நாங்கள் யாரிடமும் பொய் சொன்னதில்லை, வரி ஆபீசில் போய்ச் சொல்வதா?

செக்காலை ரோட்டில் நடந்தது வேறு. விவரத்தாள் நிரப்பிய பையனின் பேனா ‘உறவு’ என்ற கட்டத்தில் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தான். “சேர்ந்து வாழறோம் தம்பி” என்றேன். “சரிக்கா” என்று ‘உடன் வசிப்பவர்’ என எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டான். எந்தக் கோயில், எந்த ஊர் என்று விசாரித்துவிட்டுத்தான் தண்ணீரே கொடுக்கும் ஊரில் இது எனக்குப் பெரிய விஷயம்.

ஆடிட்டர் வயதானவர். இரண்டு இன்சூரன்ஸ் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னுடைய 18,400 ரூபாய்க்குப் பென்சிலால் டிக் போட்டார். இவருடைய 22,600-ஐச் சுற்றி வட்டம் போட்டு, “இது கழியாதும்மா” என்றார். அப்போதைய வருமான வரிச் சட்டத்தில் மருத்துவ இன்சூரன்ஸுக்கான 80டி பிரிவில் தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, சார்ந்த பிள்ளைகளுக்கு, பெற்றோருக்குக் கட்டியதுதான் வருமானத்தில் கழியும், அதுவும் பழைய வரிமுறையில்தான். 2005 குடும்ப வன்முறைச் சட்டம் திருமணத்தைப் போன்ற உறவையும் ஏற்கிறது, வருமான வரிச் சட்டம் அந்த இடத்துக்கு வரவில்லை என்றார். நகரத்தார் வழக்கம் ஞாபகம் வந்தது. கல்யாணமானால்தான் கோயிலில் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கு. கோயிலுக்குக் கட்டும் புள்ளி வரியும் அப்போதுதான். அரசாங்கமும் அதே கணக்கில்தான் இருக்கிறது. எனக்கு மனசு வலித்தது, மறைக்கவில்லை.

ஆனால் ‘முடியாது’ என்பதோடு அவர் அனுப்பிவிடவில்லை. மாதம் பத்தாயிரம் இவர் கணக்கில் நான் போடுவதைப் பற்றிக் கேட்டார். சட்டப்படி நாங்கள் உறவினர் இல்லை என்பதால், வருடத்தில் 50,000-க்கு மேல் போனால் முழுத் தொகையும் இவருடைய வருமானம். 1,20,000-மும் வட்டியும் சேர்ந்தாலும் வரிவரம்புக்குள்தான் இருப்பதால் இப்போதைக்கு வரி இல்லை. பெரிய தொகை தேவைப்பட்டால் கடனாக, எழுத்தில், வங்கி வழியாகக் கொடுங்கள், 20,000-மோ அதற்கு மேலோ ரொக்கமாக வேண்டவே வேண்டாம் என்றார். கணவன் மனைவி என்றால், ஒருவர் கொடுத்த பணத்தை மற்றவர் டெபாசிட் போட்டு வரும் வட்டி கொடுத்தவர் வருமானத்தில் சேரும். எங்களுக்கு அது கிடையாது. இதை யாருமே எனக்குச் சொன்னதில்லை. வங்கிக் கணக்கில் இவரை நாமினியாகப் போட எந்தத் தடையும் இல்லை, ஆனால் உயிலும் எழுதிவிடுங்கள் என்றும் அவராகவே சொன்னார்.

கட்டணம் 1,500 ரூபாய். வரிக்கணக்கு கொடுக்கும் கெடுவை அந்த வருடம் செப்டம்பர் 15 வரை தள்ளியிருந்தும் ஒன்றரை மணி நேரம் காக்க வேண்டியிருந்தது. போன் செய்துவிட்டுப் போங்கள். படி செங்குத்து, கைப்பிடி இல்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்த இவரால் ஏற முடியவில்லை. அந்தப் பையனே தாளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தான். இவர் ஸ்கூட்டர் சீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.