தலைவர் இல்லாத கேம் குழுவுக்கு டிஸ்கோர்ட் சரிவருமா?

சரிவரும். ஆனால் திறந்தவுடன் இருக்கிற அமைப்பிலேயே விட்டால் சரிவராது.

டிஸ்கோர்ட் என்பது குழுவாக எழுதவும் குரலில் பேசவும் உதவும் செயலி. அதில் ஒரு குழுவுக்கான இடத்தைச் சேர்வர் என்பார்கள். சேர்வருக்கு உரிமையாளர் ஒரேயொருவர்தான். எந்த அட்மினாலும் அவரை வெளியே போட ஏலாது. அவர் நினைத்தால் சேர்வரையே அழிக்கலாம். அனார்க்கிச முறையில், அதாவது தலைமை இல்லாமல், குழு நடத்த வருபவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். பொதுக் கணக்கொன்றைத் திறந்து கடவுச்சொல்லை எல்லாருக்கும் கொடுப்பது வேண்டாம். அது டிஸ்கோர்ட் விதிக்கும் மாறு, ஒருவர் கடவுச்சொல்லை மாற்றினால் மற்ற எல்லாரும் வெளியில். மாதமொருமுறை சீட்டுக் குலுக்கி உரிமையை அடுத்தவருக்கு மாற்றுங்கள். ஆள் வராமல் போவதற்கு முன் மாற்றவேண்டும். அவர் கையால்தான் அது நடக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ரோல் அடுக்கு. ரோல் என்பது உறுப்பினருக்குக் கொடுக்கும் அனுமதித் தொகுப்பு, அவை மேல் கீழாக அடுக்கப்பட்டிருக்கும். எல்லா அனுமதியையும் எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒருவரை நீக்க உங்களுடைய மேல் ரோல் அவருடையதைவிட உயரத்தில் இருக்கவேண்டும். எல்லாரும் ஒரே மட்டம் என்றால் நீக்கும் அனுமதி கையில் இருந்தும் பயனில்லை. இரவு 11 மணிக்கு வொய்ஸில் ஒருவன் தூசணம் கொட்டினால் உரிமையாளர் எழும்பும்வரை அவனைச் சேர்வரிலிருந்து நீக்க ஏலாது.

இதற்கு ‘முறைக்காரர்’ என்று ஒரு ரோல் செய்து பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே இழுத்து வையுங்கள். டைம்அவுட், அதாவது ஒருவரைக் கொஞ்ச நேரம் எழுதவோ பேசவோ விடாமல் நிறுத்தும் அனுமதி மட்டும் போதும். கிக் (வெளியேற்றுவது), பேன் (திரும்ப வராமல் தடுப்பது), ரோல் நிர்வாகம், அட்மினிஸ்ட்ரேட்டர் எதுவும் வேண்டாம். வாரத்துக்கு இருவர், அதுவும் சீட்டில்தான். செயலி ஒரு வாரம் வரை டைம்அவுட் தரும். குழு விதியில் ஒரு மணித்தியாலத்தோடு நிறுத்துங்கள், மிச்சத்தைக் குழு முடிவெடுக்கட்டும். ஆடிட் லாக் என்ற நடவடிக்கைப் பதிவேட்டைப் பார்க்கும் அனுமதியை மட்டும் எல்லாருக்கும் திறந்துவிடுங்கள். யார் யாரை என்ன செய்தார் என்பது 45 நாள் அதில் கிடக்கும். இந்தச் செயலியில் எங்களுக்கு மிகப் பிடித்தது இதுதான்.

வாக்கெடுப்பு வசதி பரவாயில்லை ரகம். ஆம், இல்லை என்று போடாதீர்கள். ‘சம்மதம்’, ‘ஒதுங்கி நிற்கிறேன்’, ‘தடுக்கிறேன்’ என்று மூன்று தெரிவு வையுங்கள். தடுப்பவர் மாற்று யோசனை சொல்லியே ஆகவேண்டும். யார் எதற்குப் போட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் புதுப் பிள்ளைகள் பெரியவர்கள் போட்டதைப் பார்த்துப் போடுவார்கள். வாக்கெடுப்பைத் திறந்தவர் நேரத்துக்கு முன்பே மூடவும் முடியும். அப்படி மூடியது செல்லாது என்று எழுதி வையுங்கள். 24 மணித்தியாலம் காணாது. நோன்பு காலத்தில் காத்தான்குடி, சம்மாந்துறைப் பெடியள் தராவீஹ் முடிந்துதான் வருவார்கள், ஏ/எல் நெருங்கினால் பாதிப்பேர் காணாமல் போவார்கள். 3 நாள் கொடுத்தால் “மறுகா பாப்பம்” என்றவர்களும் வந்து போட்டுவிடுவார்கள்.

வொய்ஸ் சனலின் தரம் 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) என்றால், ஒருவர் விடாமல் பேசினால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 29 எம்பி போகும். டேட்டா காட் போடுபவர்களுக்காக 32க்கு இறக்குங்கள், பேச்சுக்கு அது தாராளம். குரல் பிந்தினால் சனலின் ரீஜனை, அதாவது குரல் எந்த நாட்டுக் கணினி வழியாகப் போகிறது என்பதை, சிங்கப்பூர், இந்தியா என்று மாற்றிப் பார்க்கலாம்.

டிஸ்கோர்ட்டுக்குப் பதிலாக மம்பிள் என்ற குரல் அரட்டைச் செயலியும் இருக்கிறது. அது திறந்த மூலம், குரலும் துல்லியம். ஆனால் அதிலும் சூப்பர்யூசர் என்ற எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு இருக்கிறது. சேர்வர் யார் வீட்டுக் கணினியில் ஓடுகிறதோ அவர்தான் ராசா. 4ஜி றூட்டர் என்றால், மற்றவர்கள் வெளியிலிருந்து இணைய மம்பிள் பயன்படுத்தும் 64738 போர்ட்டைத் திறக்கப் பெரும்பாலும் முடியாது.

டிஸ்கோர்ட்டில் இலவசப் பதிவேற்றம் 10 எம்பிதான். கேம் கிளிப்பை யூடியூப்பில் அன்லிஸ்டடாக (லிங்க் உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும்படி) போட்டு லிங்கைத் தாருங்கள்.