அண்ணனுக்கு வாங்கிய இயர் மஃப்: தீபாவளியிலும் கல்யாண மண்டபத்திலும்

வெல்டிங் பட்டறை, ஜெனரேட்டர் அறை போன்ற இடங்களில் வேலை செய்கிறவர்கள் காதுக்கு மாட்டிக்கொள்ளும் இயர் மஃப்தான் இது. பாட்டு வராது, பேட்டரி கிடையாது. தலைக்கு மேலே ஒரு பட்டை, இரண்டு பக்கமும் உள்ளே பஞ்சு வைத்த பிளாஸ்டிக் மூடி, அவ்வளவுதான். ஹெல்மெட், கையுறை விற்கிற சேஃப்டி கடையில் ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து என் அண்ணனுக்காக வாங்கினேன். உங்கள் வீட்டிலும் ஆட்டிசம் உள்ள பிள்ளை இருந்து, மிக்ஸி போட்டாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறது என்றால், இதைப் படியுங்கள்.

அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். பேச்சு குறைவு, வேண்டியதை ஒற்றைச் சொல்லில் கேட்பான். காதில் கோளாறு எதுவும் இல்லை என்று சின்ன வயதிலேயே சோதித்துப் பார்த்தாயிற்று. ஆனால் குக்கர் விசில், பஸ் ஹாரன், நாற்காலியை இழுக்கும் சத்தம் எல்லாமே அவனுக்கு வலிக்கும். தீபாவளி வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அம்மா பக்கத்திலேயே படுத்து, தலையணையால் அவன் காதை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். நான் புதுப் பாவாடையோடு ஜன்னலைச் சாத்தி இடுக்கில் பழைய துணியை அடைத்துக்கொண்டிருப்பேன். ஒரு வருடம் அப்பா எங்களை மதுரையிலிருந்து சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டிக்குக் கூட்டிப்போனார். வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. கண்மாய்க் கரையில் அண்ணன் கையை வீசிக்கொண்டு நடந்தது இப்போதும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் வருடா வருடம் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப முடியாதே.

கடைக்குப் போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 'நாய்ஸ் கேன்சலிங்' ஹெட்போன் வேறு, இது வேறு. அந்த ஹெட்போன் ஏசி, ரயில், விமானம் போல ஒரே சீராக இரையும் சத்தத்தை நன்றாக அமுக்கும். பட்டென்று வெடிக்கும் சத்தத்துக்கு அது அவ்வளவாக ஈடுகொடுக்காது. இயர் மஃப் வெறுமனே காதை மூடி அடைக்கிறது என்பதால் திடீர்ச் சத்தத்துக்கும் உதவும். அட்டைப் பெட்டியில் 'என்.ஆர்.ஆர்' என்று, சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்பதற்கு ஓர் எண் போட்டிருக்கும். பிராண்டைவிட அந்த எண்தான் முக்கியம். எங்களுடையதில் 27. அதற்காக 27 டெசிபல் அப்படியே குறையும் என்று நம்பிவிட வேண்டாம், அது ஆய்வகத்துக் கணக்கு. அதில் 7ஐக் கழித்துப் பாதியாக்கிப் பார்ப்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையில் உள்ள வழக்கம். அப்படிப் பார்த்தால் நடைமுறையில் எதிர்பார்க்கக்கூடியது 10 டெசிபல். கேட்கச் சின்ன எண்ணாக இருக்கும், ஆனால் 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் ஏறக்குறைய பாதியானதுபோல் காதுக்குத் தெரியும்.

வெடிக்கு அது மட்டும் போதாது. 4 மீட்டர் தள்ளி நின்றால் 125 டெசிபல் வரை நம் நாட்டுச் சட்டமே அனுமதிக்கிறது. அதனால் இயர் மஃபோடு உள்ளறையும் வேண்டும். 2018ல் வெடி போடும் நேரத்தைக் கட்டுப்படுத்தி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது தமிழக அரசு காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் குறித்தது. தெருவில் எல்லோரும் கடைப்பிடிப்பதில்லை என்றாலும் எங்களுக்கு அது பெரிய உதவி. ஆறு மணிக்கு முன்பே அண்ணனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மாட்டிவிட்டு, இட்லியோடு உள்ளறையில் உட்கார்ந்துவிடுவோம். இப்போது கட்டிலுக்கு மேலேதான் உட்காருகிறான்.

வாங்கிய அன்றே தலையில் மாட்டிவிடாதீர்கள். நாங்கள் டிவி பக்கத்தில் சும்மா வைத்தோம். அப்பா தினமும் சாயங்காலம் மாட்டிக்கொண்டு செய்தி பார்த்தார். ஒருநாள் அண்ணன் வந்து அப்பா தலையிலிருந்து கழற்றித் தானே மாட்டிக்கொண்டான். இப்போது தேவைப்பட்டால் "காது, காது" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறான். இத்தனை வருடம் கத்தி, தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறான்.

என் கல்யாணத்தில் பொரி போடும் சடங்கு உண்டு, அதற்குப் பெண்ணின் சகோதரன் வர வேண்டும். "மேளச் சத்தம் தாங்க மாட்டான், பாவம், சித்தப்பா பையனை நிறுத்திக்கலாம்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள், ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பட்டுச் சட்டை, வேட்டி, தலையில் கறுப்பு இயர் மஃப். கெட்டிமேளம் முழங்கியபோது தோளைக் குறுக்கிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான், ஆனால் மேடையை விட்டு இறங்கவில்லை. பிறகு என் கையில் பொரியைப் போட்டான். கீழே சிந்தியதையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டான், ஐயர் பொறுமையாகக் காத்திருந்தார். போட்டோக்காரர் "அதை மட்டும் ஒரு நிமிஷம் கழற்றச் சொல்லுங்க" என்றதற்கு அம்மா, "அதோடவே எடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டாள். அந்தப் படம்தான் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. சித்திரை வெயிலில் காதைச் சுற்றி வேர்த்துக் கொட்டும், கால் மணிக்கு ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். புதிதில் பிடி இறுக்கம். இரவில் ஒரு டப்பாவின் மேல் மாட்டி வைத்தால் கொஞ்சம் தளரும், ரொம்ப விரித்துவிட்டால் சத்தத்தைத் தடுக்காது. கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடிக் காம்பு வழியாகச் சத்தம் நுழையும். ரோட்டில் ஹாரன் சரியாகக் கேட்காது என்பதால் கையை விடவே கூடாது. நாள் முழுக்கப் போட்டால் சின்னச் சத்தம்கூடத் தாங்காமல் போகலாம் என்று எங்கள் தெரபிஸ்ட் எச்சரித்தார். சத்தம் ஓய்ந்ததும் கழற்றிவிடுகிறோம்.

பஸ்ஸில் வெறித்துப் பார்ப்பார்கள், சிலர் கேட்கவும் செய்வார்கள். "சத்தம் அவனுக்கு வலிக்கும்" என்று மட்டும் சொல்கிறேன். பெரும்பாலும் அதுவே போதும், கண்டக்டர் ஒருவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தட்டியே வண்டியை நிறுத்தினார்.

ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன், அரை குறைத்தது வேர்வைக்காக. வாங்கும்போது என்.ஆர்.ஆர் 25க்கு மேல் இருக்கிறதா, காதைச் சுற்றிப் பதியும் குஷன் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கிற வீடு என்றால் குஷன் சீக்கிரம் விரிசல் விட்டுப்போகும், கூடவே ஒரு ஜோடி வாங்கி வைத்துவிடுங்கள்.